"அநுதினமும்" என்ற ஒரு சொல்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையொன்றில், ஆசையை அடியோடு ஒழிப்பதுதான் எல்லாச் சமயங்களும் ஒரே குரலில் சொல்லும் வழி என்றும், இயேசு கிறிஸ்துவும் தம் சீடர்களிடம் அதையே கேட்டார் என்றும் எழுதப்பட்டிருந்தது. கட்டுரையாளர் மிகுந்த மரியாதையோடுதான் எழுதியிருக்கிறார். பிற சமயத்து வேதத்தை இவ்வளவு பொறுமையாகப் படித்து எழுதுகிறவர்கள் அருகிவிட்ட காலத்தில் அவருக்கு நன்றி சொல்வதே முறை. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்தவ சீடத்துவத்தின் உயிர்நிலையான ஒன்று அதில் விடுபட்டுப்போகிறது. அதே பிழையை எங்கள் சபைகளில் நாங்களும் வேறொரு பக்கத்திலிருந்து செய்துவருகிறோம். ஆகவே இக்கடிதத்தில் உள்ள கண்டனத்தில் பாதிக்கு மேல் எங்களவர்க்கும் எனக்கும் உரியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டியிருப்பது லூக்கா சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரம் 23ஆம் வசனம். எங்கள் வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அது இப்படி இருக்கிறது: "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." இந்த வசனத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் "வெறுத்து" என்ற சொல்லில் ஏறி "சிலுவை" என்ற சொல்லில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் "விரும்பினால்" என்று ஒரு சொல் இருப்பதும், பின்னால் "அநுதினமும்" என்று ஒரு சொல் இருப்பதும் காதில் விழுவதேயில்லை. இதே கூற்று மத்தேயுவிலும் மாற்குவிலும் உண்டு. ஆனால் "அநுதினமும்" என்ற சொல் லூக்காவில் மட்டுமே வருகிறது. விருப்பத்தில் தொடங்கி, நாள்தோறும் என்று நீளும் ஒரு வாக்கியத்தை, விருப்பத்தை ஒரேயடியாகக் கொல்லும் கட்டளையாக வாசிக்கப் பழகிவிட்டோம்.

"வெறுத்து" என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால் இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மூலமாகிய கிரேக்கத்தில் இங்கே நிற்கும் வினைக்கு வெறுத்தல் என்று பொருளில்லை. மறுத்தல், மறுதலித்தல் என்றே பொருள். இயேசு பிடிபட்ட அன்றிரவு, அவருடைய சீடனான பேதுரு பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில் நெருப்பருகே உட்கார்ந்துகொண்டு, இயேசுவை "அறியேன்" என்று மூன்று தரம் சொன்னதைக் குறிக்கவும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் "மறுதலித்தல்" என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள். பேதுரு தன் ஆண்டவரை வெறுக்கவில்லை. அவருக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னான், அவ்வளவே. அப்படியானால் தன்னை மறுதலிப்பது என்றால், எனக்குள்ளிருந்து அதிகாரம் செய்யும் "நான்" என்ற எசமானிடம், உன் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டவனில்லை என்று சொல்வது. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் "தன்னலம் துறந்து" என்கிறது. அது மேலும் தெளிவு. ஆனால் பழைய சொல் எங்கள் எலும்பில் ஊறிவிட்டது. தங்களைத் தாங்களே வெறுப்பதுதான் பக்தி என்று நம்பி, நல்ல சேலை உடுத்தினால்கூடக் குற்றவுணர்வோடு ஆலயத்துக்கு வந்த அத்தைமார்களையும் சித்திமார்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் வாழ்க்கை கனி இல்லாத வாழ்க்கை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சுமக்க வேண்டாத ஒன்றையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

இனி, இயேசு ஆசையற்றவராக இருந்தாரா என்று பார்ப்போம். அதே லூக்கா சுவிசேஷத்தின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்தால், கடைசி இராப்போஜனத்தில் அவர் சீடர்களிடம் பேசும் முதல் வாக்கியமே, "நான் பாடுபடுகிறதற்கு முன்னே உங்களுடனேகூட இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன்" என்பதுதான். ஆசை என்ற சொல்லே அங்கே இருக்கிறது. மூலத்திலோ அந்தச் சொல் இரட்டித்து வருகிறது, ஆசையோடு ஆசைப்பட்டேன் என்பதுபோல. அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களில், அதாவது கடிதங்களில், இச்சை என்று கண்டிக்கப்படுகிற அதே சொல். அன்றிரவே, அதே அதிகாரத்தில், ஒலிவமலையில் முழங்கால்படியிட்டு, "பிதாவே, உமக்குச் சித்தமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும், ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தின் இரண்டாம் பாதியைத்தான் நாம் சுவரில் மாட்டி வைக்கிறோம். முதற்பாதி இல்லாமல் இரண்டாம் பாதிக்குப் பொருளில்லை. "இந்தப் பாத்திரம் எனக்கு வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னவரே "ஆயினும்" என்று சொல்ல முடிந்தது. எனக்கென்று ஒரு விருப்பமும் இல்லை என்பவனிடம் ஒப்புக்கொடுக்க என்ன இருக்கிறது?

அவர் மனிதர்களைச் சந்தித்தபோது பலமுறை அவர்களுடைய விருப்பத்தைத்தான் கேட்டார். யோவான் சுவிசேஷத்தில் அவர் பேசும் முதல் வார்த்தையே "என்ன தேடுகிறீர்கள்?" என்ற கேள்வி. பெதஸ்தா குளத்தருகே 38 வருஷமாய் வியாதியாய்க் கிடந்தவனிடம், "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்கிறார். 38 வருஷம் கிடந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று வகுப்பில் ஒரு பையன் என்னிடம் கேட்டதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மனிதன் ஆம் என்று பதில் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று தன் கதையைச் சொன்னான். விரும்புவதைக்கூட மறந்துபோகும் அளவுக்குப் படுக்கை பழகிவிட்டிருந்தது.

கட்டுரையாளர் இதற்கு மறுமொழியாக கலாத்தியர் நிருபத்தை எடுத்துக்காட்டக்கூடும். கிறிஸ்துவினுடையவர்கள் தங்கள் மாம்சத்தையும் அதின் ஆசை இச்சைகளையும் சிலுவையில் அறைந்திருக்கிறார்கள் என்று 5ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தில் பவுல் எழுதியிருப்பது உண்மை. அதை நான் மழுப்பப் போவதில்லை. கொல்லப்பட வேண்டிய ஆசைகள் உண்டு. பிறன் பொருளின்மேலும் பிறன் மனையின்மேலும் எழும் ஆசையை ஒப்புக்கொடுத்துப் பக்குவப்படுத்துவதாவது! ஆனால் ஏழு வசனத்துக்கு முன்பே, 17ஆம் வசனத்தில், "மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும், ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் இச்சிக்கிறது" என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆவியும் இச்சிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசைக்கும் ஆசையின்மைக்கும் நடக்கிற போராகப் பவுல் அதைக் காணவில்லை. ஆசையோடு ஆசை மோதுகிறது. நம் தமிழ் மரபுக்கும் இது அந்நியமானதில்லை. அவா அறுத்தலுக்கென்று தனியதிகாரம் வகுத்த வள்ளுவரே, அதற்குச் சற்று முன்னால், "பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு" என்று சொல்லி, ஒரு பற்றைவிட இன்னொரு பற்றைப் பிடித்தாக வேண்டும் என்கிறார். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல நான் வரவில்லை, வேறுபாடுகள் ஆழமானவை. எதையும் பற்றாத வெறுங்கை நெடுநேரம் வெறுங்கையாக இராது என்பதை மட்டும் இருவரும் கண்டிருக்கிறார்கள்.

இது கட்டுரையாளருக்கு. இனி எங்களவர்க்கு.

எங்கள் பக்கத்தில் மே மாதம் வந்தால் கன்வென்ஷன் என்னும் பிரசங்கக் கூட்டங்களுக்குப் பந்தல்கள் எழும்பும். மூன்று நாளோ நான்கு நாளோ கூட்டம் நடக்கும். கடைசி நாள் இரவு, விளக்குகளைச் சற்றுக் குறைத்து, மெல்லிய இசை ஒலிக்க, ஆண்டவரிடம் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள் என்று அழைப்பார்கள். மணலில் முழங்காலிட்டு அழுகிறவர்களின் கண்ணீர் பொய்யென்று ஒருநாளும் நான் சொல்லமாட்டேன்; நானும் அந்த மணலில் முழங்காலிட்டவன். ஆனால் சென்ற ஆண்டு ஒப்புக்கொடுத்தவர்களே இந்த ஆண்டும், அதற்கு முந்திய ஆண்டு ஒப்புக்கொடுத்த அதே காரியத்தை, மறுபடியும் ஒப்புக்கொடுக்க வருகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை பெருந்தொகையாகக் கட்டிவிட்டால் மற்ற நாட்களுக்கு நிலுவை இல்லை என்று வீட்டுவரி கட்டுவதுபோல நினைக்கப் பழக்கியிருக்கிறோம். "அநுதினமும்" என்ற சொல் தொலைந்துபோனது இங்கேதான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அவரவர்க்கு விழுந்த வசனமே அவ்வாண்டுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு என்று வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வோம். 37ஆம் சங்கீதத்தின் 4ஆம் வசனம் விழுந்தவர்களுக்கு மிகுந்த சந்தோஷம்: "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு, அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்." வெளிநாட்டு வேலை, மகளின் கல்யாணம், புது வீடு என்று அவரவர் வேண்டுதல் அந்த அட்டையின் பின்னே ஒட்டிக்கொள்ளும். "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு" என்ற அடுத்த வசனத்துக்கு அந்தச் சிறிய அட்டையில் இடமில்லை. வேண்டுதல் ஓர் அட்டையிலும் ஒப்புவித்தல் வேறோர் அட்டையிலும் அச்சாகிவிடுகிறது. எங்கள் போதனையும் அப்படியே பிரிந்து கிடக்கிறது: ஒரு மேடையில் கேள், கிடைக்கும் என்கிறார்கள், இன்னொரு மேடையில் எதையும் கேட்காதே, வெறுத்துவிடு என்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆளாக, ஒரே காலை வேளையில் செய்வது எப்படி என்று சொல்லித்தருவார் குறைவு.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது ஒரு பச்சை மைப் பேனா. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பச்சை மையில் கையெழுத்திடுவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓய்வுபெற ஏழு ஆண்டுகள் இருந்தபோது நான் பணியாற்றிய பள்ளியில் அந்த இடம் காலியாயிற்று. பணிமூப்பின்படி எனக்கு வர வேண்டியது. வந்துவிட்டதாகவே எண்ணி, நெல்லைக்குப் போயிருந்த ஒரு நாளில் பச்சை மைப் பேனா ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் மேசை இழுப்பறையில் வைத்தும்விட்டேன். நிர்வாகம் என்னைவிட இளையவர் ஒருவரை நியமித்தது. அதன் காரணங்களுக்குள் இப்போது போக வேண்டியதில்லை. அந்த மே மாதக் கன்வென்ஷனில் நான் முன்னே போனேன். பதவி ஆசையை ஒப்புக்கொடுத்தேன் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் ஸ்தோத்திரம் சொன்னாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஆசிரியர் வருகைப் பதிவேடு தலைமையாசிரியர் மேசைமேல்தான் இருக்கும். காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குள் அவர் எதிரே நின்று, குனிந்து, நீல மையில் என் கையெழுத்தைப் போட வேண்டும். அவர் அதன் கீழே பச்சை மையில் சுருக்கொப்பமிடுவார். முதல் நாள் குனிந்தபோது, மணலில் கண்ணீரோடு விட்டுவந்த ஆசை அங்கே எனக்கு முன்பாகவே வந்து காத்திருந்தது. இரண்டாம் நாளும் வந்தது. கன்வென்ஷனில் நடந்தது பொய்யோ என்று சில வாரங்கள் கலங்கினேன். அது பொய்யில்லை, ஆனால் அன்றைக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது என்பது விளங்க நெடுநாள் ஆயிற்று.

சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து அந்த அறைக்கு, வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு போனால், நாற்பது எட்டு இருக்கும். அந்த நாற்பது எட்டுக்குள் ஒரு ஜெபம் செய்யத் தொடங்கினேன். "ஆண்டவரே, அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்றே இன்றைக்கும் மனசு சொல்கிறது, ஆயினும் அதை உம்மிடத்தில் வைக்கிறேன்" என்பதுதான் முழு ஜெபமும். பல நாள் முதல் பாதியைச் சொல்வதற்குள்ளேயே வாசல் வந்துவிடும். அந்த நாட்களில் என் கையெழுத்து கோணலாக இருக்கும். இப்படி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். பிறகு ஒருநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போதுதான், அன்று காலை ஜெபத்தை மறந்துவிட்டேன் என்பதும், பச்சை மை கண்ணில் படாமலேயே கையெழுத்திட்டுவிட்டு வந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தன. ஆசை செத்துப்போனதா என்றால் இல்லை, இடம் மாறியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில் எனக்குப் பெரிய வெறியே வந்திருந்தது. தலைமையாசிரியராகியிருந்தால் அந்த நேரத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். "தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்று பிலிப்பியர் நிருபத்தில் பவுல் எழுதியதில், செய்கையை மட்டுமல்லாமல் விருப்பத்தையும் அவரே உண்டாக்குகிறார் என்ற பகுதி அதற்கு முன் என் கண்ணில் பட்டதேயில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த நியமனம் நியாயமானது என்று நான் இன்றும் கருதவில்லை. ஒப்புக்கொடுப்பது வேறு, அநியாயத்தை நியாயமென்று சொல்வது வேறு.

என் தகப்பனார் இதைப் படிப்பின்றியே அறிந்திருந்தார். அவர் பனையேறி. எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதி அந்தத் தொழிலில் இருந்து வந்தவைதான். பனம்பாளையை நாள்தோறும் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். சீவிய வாயிலிருந்துதான் பதநீர் சொட்டும். சீவாமல் விட்டால் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். இத்தனை நாள் சீவினோமே என்று பாளை கணக்குப் பார்க்காது. ஆகவே பதநீர்க் காலம் முழுவதும் அவருக்கு விடுமுறை என்று ஒன்று இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, ஆலயத்தில் இரண்டாம் மணி அடிக்குமுன் வந்து உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த சற்று நேரத்தில் தூங்கியும்விடுவார் என்பது வேறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது சிறுவயதில் என் வேலை. தடவிய கலயத்தில் இறங்கியது பதநீர். தடவ மறந்த கலயத்தில் இறங்கியது பொழுது ஏற ஏறப் பொங்கிக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. மரத்தில் ஊறுவதை நிறுத்த வேண்டும் என்று எந்தப் பனையேறியும் நினைக்கமாட்டான். நான் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ மறந்த ஒரு நாளில் அவர் என்னை அடிக்கவில்லை. மறுநாள் கலயங்களை மீண்டும் என் முன்னே கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் மாவட்டங்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லப்படும் ஒரு கதை டோனாவூரில் மிஷனெரியாக ஊழியம் செய்த ஆமி கார்மைக்கேல் அம்மையாருடையது. அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது, தன் பழுப்புக் கண்களை நீலமாக மாற்றித்தரும்படி ஜெபித்துவிட்டுப் படுத்து, காலையில் கண்ணாடியில் பார்த்து ஏமாந்தார் என்பதும், பிற்காலத்தில் தென் தமிழ்நாட்டில் சேலை உடுத்தி இந்தியப் பெண்களோடு பெண்ணாய் நடமாட அந்தப் பழுப்புக் கண்களே உதவின என்பதும் கதை. பிள்ளைகளுக்கு ஏற்ற கதைதான். ஆனால் கேட்டது கிடைக்காததற்கு நல்ல காரணம் எப்போதும் நமக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. அவருடைய வாழ்க்கையின் பின்பகுதியைச் சொல்வோர் குறைவு. 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் கண்மூடும் வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1901 முதல், கோயில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பெண்குழந்தைகளை ஏற்று வளர்க்கத் தொடங்கினார். ஓயாமல் நடந்துகொண்டே இருந்த அந்தப் பெண்மணி 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. குழந்தைகளோடு ஓட வேண்டும் என்பதைவிட அவருக்கு என்ன பெரிய ஆசை இருந்திருக்க முடியும்? ஒருமுறை ஒப்புக்கொடுத்து முடிந்துபோகிற காரியமாக அது இருந்திருந்தால் அந்த இருபது ஆண்டுகளின் ஒவ்வொரு காலையும் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. நடக்க முடியாத அந்த அறையிலிருந்துதான் பல நூல்கள் வெளிவந்தன. கல்லறைக்கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். அந்த இடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டி இருக்கிறது.

ஆசையே எழும்பவில்லையே, ஜெபிக்க மனமே இல்லையே என்பவர்களுக்கு என்ன சொல்வது? இந்தக் கேள்வியை நான் பாளையங்கோட்டையில் ஓர் இயேசு சபைக் குருவானவரிடம் கேட்டேன். நாங்கள் இருவரும் வெவ்வேறு திருச்சபையார். சொற்களிலேயே எங்களுக்குள் ஆயிரம் வேறுபாடு. அவர் தம் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னார். 1521இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய அந்தப் போர்வீரர், படுக்கையில் கிடந்தபோது இருவகைக் கனவுகளில் மிதந்தார்: அரண்மனைச் சீமாட்டி ஒருத்திக்காக வீரச்செயல் புரியும் கனவு ஒன்று, பரிசுத்தவான்களைப்போல் வாழும் கனவு மற்றொன்று. இரண்டும் அந்த நேரத்தில் இனித்தன. முதலாவது போனபின் வறட்சியையும் இரண்டாவது போனபின் மகிழ்ச்சியையும் விட்டுச்சென்றன. ஆசை எழும்போது அதன் சுவையைப் பார்த்து ஏமாறாமல், அது போனபின் நாவில் என்ன நிற்கிறது என்று கவனிக்க அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். பின்னாளில் அவர் தம் சபைக்கு எழுதிய அமைப்புச் சட்டத்தில், சேர வருகிறவனுக்குக் கிறிஸ்துவுக்காக அவமானத்தையும் ஏற்கும் ஆசை உண்டா என்று கேட்கும்படியும், இல்லை என்று அவன் சொன்னால், அப்படி ஓர் ஆசை வர வேண்டும் என்ற ஆசையாவது உண்டா என்று கேட்கும்படியும் எழுதிவைத்தாராம். நான் சிரித்துவிட்டேன். குருவானவர் சிரிக்கவில்லை. "ஐயா, எனக்குப் பல காலைகள் அந்த இரண்டாவது கேள்வியில்தான் ஓடுகின்றன" என்றார்.

வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த உணவாகிய மன்னாவைப் பொறுக்கிய இஸ்ரவேலர் அன்றன்றைக்கு உள்ளதையே எடுக்க வேண்டியிருந்தது. நாளைக்கென்று எடுத்துவைத்தது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. லூக்காவில் கர்த்தருடைய ஜெபமும் ஆகாரத்தை "அன்றன்றும்" தரும்படிதான் கேட்கிறது. "நான் அநுதினமும் சாகிறேன்" என்று கொரிந்தியருக்கு எழுதினவரும், பிழைத்திருந்துகொண்டே, பயணம் போய்க்கொண்டே, கூடாரம் தைத்துக்கொண்டேதான் அதை எழுதினார். இவ்வளவு ஆதாரங்களை அடுக்கத் தேவையில்லைதான். ஆசிரியத் தொழில் செய்தவனின் கெட்ட பழக்கம்.

தங்கள் மூலமாகக் கன்வென்ஷன் நடத்தும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கடைசி நாள் இரவில் ஒப்புக்கொடுத்தலுக்கு அழையுங்கள். அதைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்த அழைப்போடு சேர்த்து, மறுநாள் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அதே இடத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், பாடகர் குழு வேண்டாம், வெளியூர்ப் பிரசங்கியார் வேண்டாம். ஒரு வசனம் வாசிக்கட்டும், நேற்று எதை ஒப்புக்கொடுத்தாரோ அதை இன்று எவ்வளவு விரும்புகிறார் என்று அவரவர் ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லட்டும், "ஆயினும்" என்று ஒரு சொல்லைச் சேர்க்கட்டும், வேலைக்குப் போகட்டும். எங்கள் சபையில் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு இரவே நாற்காலிகளை வாடகைக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், திங்கள் காலையில் பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள் என்றார்கள். மணலில் உட்கார்ந்துகொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை நான்கு பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.